மாம்பலத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் கணவர்

எதிர் ஃப்ளாட் வசந்தா தன் கணவரை "மாம்பலம்" என்றுதான் சொல்கிறாள். "மாம்பலம் குளிச்சாச்சா?" "மாம்பலத்துக்கு இன்னிக்கு வயிறு சரியில்லைடி, வெறும் மோருஞ்சாதம்தான்." டென்மார்க்கிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனுஷர் பனியனோடு பால்கனியில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். வீடு இருப்பது மந்தைவெளியில். இதில் மாம்பலம் எங்கிருந்து வந்தது? கேட்டேன். வசந்தா கதவைச் சாத்திவிட்டு, ரேஷன் கடையில் சர்க்கரை வந்திருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். "நாங்க டைவர்ஸ் பண்ணிண்டுட்டோம்டி. பேப்பர்ல அவர் மேற்கு மாம்பலத்துல தம்பியாத்துல இருக்கார்."

விஷயம் இதுதான். வசந்தாவின் அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். அவர் காலத்துக்குப் பின் விவாகரத்தான மகளுக்கு அவருடைய குடும்ப பென்ஷன் வரும். மாப்பிள்ளை வேலை பார்த்த கிண்டி கம்பெனி மூடியதும், யோசனை சொன்னதே அப்பாதானாம். இருவரும் தனித்தனி ஆட்டோவில் கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு வாங்கிக்கொண்டு ஒரே ஆட்டோவில் திரும்பி, வழியில் இறங்கி ரவா தோசை சாப்பிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பென்ஷன் ஆபீசுக்கு நேரில் போய், தனியாகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு மெட்டியைக் கழற்றுவாள், குங்குமத்தை அழிப்பாள். தாலியை மட்டும் கழற்ற மாட்டாள். ரவிக்கைக்குள் தள்ளி ஊக்குப் போட்டுக்கொள்வாள். "கழட்டினா அவருக்கு ஆகாதுடி" என்றாள். கோர்ட்டையே ஏமாற்றியவளுக்குத் தாலியிடம் அவ்வளவு பயம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

கோபத்துக்குக் காரணம் நான் இருபது வருஷமாகக் குடியிருக்கும் ஊர். என்னைப் போல வெளியே போய்ப் பிழைக்கிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஓடென்ஸில் என் கீழ்வீட்டு பிர்கிட், மாடியில் தனித்தாய் உதவிப்பணம் வாங்கிக்கொண்டே காதலனோடு குடித்தனம் நடத்திய பெண்ணைப் பற்றி 'கொம்யூன'வுக்கு, அதாவது நகராட்சிக்கு, சொல்லிவிட்டாள். மறுநாள் மாடிப்படியில் அந்தப் பெண்ணையே நிறுத்தி, "உன்னைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறேன்" என்று அவளிடமே சொன்னாள். பிறகு அவள் பூனைக்கு உடம்பு தேவலையா என்று விசாரித்தாள். எப்படி மனசு வந்தது என்று என் அரைகுறை டேனிஷில் கேட்டேன். பிர்கிட் நான் வழிமுறை கேட்பதாக நினைத்துக்கொண்டு, "ரொம்பச் சுலபம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம்" என்று இணையத்தில் எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டித் தந்தாள். சரியான கோள்சொல்லி என்று அன்றைக்கு மனசுக்குள் திட்டினேன். அப்புறம் வரி கட்டிக் கட்டி, அந்த வரிப்பணத்தில் என் பிள்ளை படித்து, என் ஆபரேஷனும் நடந்து முடிந்தது. பிர்கிட் செய்தது நியாயம்தான் என்று எப்போது கட்சி மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். "வசு, இது திருட்டு இல்லையா?"

"படுத்த படுக்கையா கெடந்த அப்பாவுக்கு மலமூத்திரம் அள்ளினது நான். அண்ணா ரெண்டு பேரும் அமெரிக்காவுலேர்ந்து வீடியோவுல அழுதுண்டு இருந்தா. அப்பா பணம் எனக்கு வராம வேற யாருக்குடி போகணும்?"

அது அப்பா பணமில்லை, அரசாங்கப் பணம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? என் அம்மா இதே கட்டடத்தில் விழுந்து கிடந்தபோது தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் வசந்தாவும் மாம்பலமும்தான். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவின் ஃப்ளாட்டை விற்க வந்தவள், மனசு வராமல் நாளைக் கடத்திக்கொண்டு இங்கேயே கிடக்கிறேன்.

ஆனால் எங்கள் இரண்டு வீட்டிலும் வேலை செய்யும் கல்யாணியைப் பார்த்தால் அந்த நன்றியும் மறந்துபோகும். அடையாற்றங்கரையில் இருந்தவளை வீட்டைப் பெயர்த்து ஊருக்கு வெளியே கண்ணகி நகரில் கொண்டுபோய்ப் போட்டார்கள்; தினமும் பஸ் மாறி வருகிறாள். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை கேட்டு அலைகிறாள். அவன் விட்டுப்போனதற்கு அத்தாட்சி கொண்டுவா என்கிறார்களாம். "வுட்டுட்டு ஓடுறவன் எய்திக் குட்த்துட்டா ஓடுவான்?" என்று குக்கரைத் தொட்டியில் டமாலென்று போட்டாள். புருஷனோடு இருக்கிறவளுக்கு மாதாமாதம் வருகிறது. புருஷன் இல்லாதவள், இல்லை என்று நிரூபிக்க முடியாமல் நிற்கிறாள். எதிர் வீட்டைப் பற்றி எழுதிப் போட்டுவிடலாமா என்று அவளிடமே கேட்டேன்.

"அத்த நிறுத்திட்டா எனக்குக் குடுப்பாங்களாக்கா?"

"இல்லை. அது வேற, இது வேற."

"அப்பறம் இன்னாத்துக்கு? அந்தம்மா வூட்டு வேலையும் பூடும்."

நான் எழுதவில்லை. வேறு யாரோ எழுதிவிட்டார்கள். பென்ஷன் ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி போயிருக்கிறது, விசாரிக்க ஆள் வரும் என்று வசந்தாவுக்குத் துப்பு கிடைத்தது. அன்றிலிருந்து நான் வந்தால் கட்டடத்தில் பேச்சு நின்றது. "உங்க ஊர்ல இதெல்லாம் சகஜமாமே?" என்று முதல் மாடி மாமா லிஃப்டில் கேட்டார். உங்க ஊராம். வசந்தா சுற்றி வளைக்கவில்லை. "நீ இல்லையேடி?" என்றாள். இல்லை என்றேன். எழுத நினைத்தவள்தானே, குரல் பிசிறியது. அதை அவளும் கவனித்தாள். நான் செய்யாத காரியத்துக்கு அந்த வாரம் முழுக்கக் குற்றவாளியாக நடமாடினேன்.

விசாரணைக்கு ஆள் வந்த நாள் காரடையான் நோன்பு. கணவன் ஒருநாளும் தன்னைப் பிரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டு சுமங்கலிகள் மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் நாள். அந்த வருஷம் நல்ல நேரம் சாயங்காலத்தில் விழுந்தது. வசந்தாவுக்கு மாம்பலம் சரடு கட்டிவிட்டு நிமிர்வதற்குள் மணி அடித்திருக்கிறது. அவரைப் படுக்கையறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு வந்து கதவைத் திறந்தாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ள மறக்கவில்லை. கழுத்தில் ஈரம் காயாத சரடை மறந்துவிட்டாள்.

வந்தவர் ஒரு நடுத்தர வயது அம்மா. அவர் கழுத்திலும் சரடு கட்டும் நாள்தானே அது, பார்த்ததும் புரிந்துவிட்டது. "கோயில்ல கட்டிவிட்டா" என்று வசந்தா முனகினாள். அந்தம்மா திரும்பி, திறந்திருந்த என் கதவுக்கு வந்தார்.

"நான் நம்பறது நம்பாதது வேறம்மா. எதிர்ல இருக்கறவங்க நீங்க. இந்த வீட்ல ஒரு ஆம்பள தங்கியிருக்காரா? நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் எழுதணும்."

அவருக்குப் பின்னால் வசந்தா. எனக்குப் பின்னால், சமையலறை வாசலில், துடைப்பத்தோடு கல்யாணி. உண்மையைச் சொன்னால் பென்ஷன் நிற்பதோடு போகாது. வாங்கியதெல்லாம் திரும்பக் கட்ட வேண்டும், கேஸ் வரும், இந்த வயதில் ஜெயில்கூட வரும். பிர்கிட்டாக இருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, வந்தவருக்குக் காபியும் கொடுத்திருப்பாள். எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, உண்மை சொல்லவும் வரவில்லை.

"எனக்கு இங்க நடக்கறது எதுவும் தெரியாதுங்க. நான் வெளிநாட்டுல இருக்கேன். சும்மா வந்திருக்கேன்."

இத்தனை வருஷமும் யாராவது என்னை வெளிநாட்டுக்காரி என்றால் சண்டைக்குப் போனவள் நான். பேச்சை வைத்து வெளிநாடா என்று ஆட்டோக்காரர் கேட்டால்கூட, மந்தைவெளியில் பிறந்தவள் என்று நடுரோட்டில் கத்தியிருக்கிறேன். அதை இப்போது என் வாயாலேயே விட்டுக்கொடுத்தேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்படியா" என்று படியிறங்கிப் போனார்.

வசந்தா ஓடிப்போய் ஒரு தட்டு நிறைய அடையும் வெண்ணெயும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. நீ எங்க போனாலும் நம்ம மந்தைவெளிதான்டி." இந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா" என்றாள் பின்னாலிருந்து கல்யாணி. "நாளிக்கு எனக்கும் இப்டி விசாரிக்க ஆள் வந்தா, இவ புர்சன் இவளோட இல்லன்னு சொல்வியா? இல்ல, அன்னிக்கும் நீ வெளிநாடா?"

சுடுகிற தட்டைப் பிடித்தபடி நின்றேன். வாசலில் இருக்கிறவள் என்னைச் சொந்த ஊர்க்காரி என்கிறாள். வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு நான் எந்த ஊர் என்று தெரிய வேண்டியிருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்திக்கு முதுகைக் காட்ட வேண்டும்.

"சொல்றேன் கல்யாணி" என்றேன். அவள் அடுத்த அறையைப் பெருக்கப் போனாள்.