உசனார் நிரப்பிய கட்டம்

நுரைச்சோலையில் உசனார் என்று கேட்டால், எந்த உசனார் என்று திருப்பிக் கேட்பார்கள். மண் அலசுகிற உசனார் என்றால் உடனே தெரியும். வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்கிற மனிதர்தான். ஆனால் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு கடற்கரையில் மண் அள்ளி, நாலைந்து தரம் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, காயவைத்து, மனைவி உம்மு குல்தூம் நடத்துகிற முன்பள்ளியின் மண் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டுவார். உப்பு மண்ணில் விளையாடினால் பிள்ளைகளின் விரல் இடுக்கு புண்ணாகும் என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதமும் அவர் தவறவிட்டதில்லை.

இரண்டு பேரும் மன்னாருக்குத் தெற்கே, முசலிப் பக்கத்தில் ஒரே ஊரில் பிறந்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக்குள்ளே முஸ்லிம் சனம் முழுக்க வெளியேற்றப்பட்டபோது புத்தளம் வந்து சேர்ந்தார்கள். நிக்காஹ் நடந்தது முகாமில். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவளோ முகாமின் ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, டிப்ளோமா படித்து, பிறகு வீட்டிலிருந்தபடியே வெளிவாரிப் பட்டமும் எடுத்துவிட்டாள். அவள் படிக்கும்போது அரிக்கன் லாம்பின் கண்ணாடியைத் துடைத்து வைத்ததுதான் தன்னுடைய பங்கு என்று உசனார் சொல்லிச் சிரிப்பார்.

சண்டை முடிந்து நாலாம் வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் பத்திரிகையில் அறிவித்தல் போட்டது. முன்பள்ளிக் கல்வியில் முதுமாணிப் பட்டம் படிக்கப் புலமைப்பரிசில், மாவட்டத்துக்கு ஒருவர். செலவு முழுக்க அவர்கள் பொறுப்பு. வயதெல்லை நாற்பது. உம்மு குல்தூமுக்கு நாற்பது நடக்கிறது. இதை விட்டால் இனி இல்லை.

பள்ளிவாசலில் கைகால் கழுவி வுளூச் செய்கிற இடத்தில் கூட்டாளி இப்றாஹிம் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன மச்சான், உன்ட பொஞ்சாதி இந்த வயசில புலமைப்பரிசில் சோதனை எடுக்கிறாவாம்? அஞ்சாம் வகுப்பில கோட்டை விட்டவன் நீதானே, நீயெல்லோ எடுக்க வேணும்!”

“இது அந்த அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் இல்ல மச்சான். மண்ணில விளையாடுற புள்ளைகளைப் பத்தின பெரிய படிப்பு.”

“மண்ணில விளையாடவும் படிப்போ? அப்ப எங்கட ஆட்டுக்குட்டியும் பட்டதாரிதான்.”

உசனாருக்கும் சிரிப்பு வந்தது. அவருக்கும் அந்தப் படிப்பு முழுக்க விளங்கியதில்லை. ஆனால் ஒரு வருஷமாக வாய் திறக்காத ஒரு பிள்ளை, மண்ணைக் குவித்து வைத்து, “இது எங்கட வீடு” என்று முதல் வார்த்தை பேசியதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். அன்றைக்கு உம்மு குல்தூம் அழுததையும் கண்டிருக்கிறார்.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். பிள்ளைகளை விட்டு அவளால் வர முடியவில்லை. சான்றிதழ்களைப் போட்டோக் கொப்பி எடுத்து, உள்ளே வைத்து, ஒட்டிப் பதிவுத் தபாலில் போடும்படி உறையை அவரிடம் கொடுத்தாள். புத்தளத்தில் கொப்பி எடுத்துக் கொடுத்த பெண், அண்ணன் முறை வைத்து, “நானா, நிரந்தர முகவரிக் கட்டம் வெறுமையா இருக்கே” என்றாள். எதை எழுதுவது என்று பிறகு யோசிப்போம் என விட்டு உம்மு குல்தூம் மறந்துபோன கட்டம் அது. உசனார் அவளுக்குப் போன் எடுத்தார். வகுப்பு நேரத்தில் அவள் போனை நிறுத்தி வைப்பாள். தபாற்கந்தோர் மூட அரைமணித்தியாலம்கூட இல்லை.

உசனார் பேனையொன்று வாங்கி, பிஸ்மி சொல்லி, முசலி ஊரின் பெயரையும் மன்னார் மாவட்டம் என்பதையும் எழுதினார். யோசிக்கவே இல்லை. இருபது வருஷமாக முகாமில் அரிசிக்கும் கூடாரத்துக்கும் வந்த படிவம் எல்லாவற்றிலும் அப்படித்தான். தற்காலிகம் என்றால் புத்தளம், நிரந்தரம் என்றால் மன்னார். கல்வீடு கட்டிக் குடியேறிய பிறகும் இடம்பெயர்ந்த சனத்தின் கை அந்தக் கட்டத்தில் வேறொன்றையும் எழுதுவதில்லை.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. நிரந்தர முகவரிப்படி மன்னார் மாவட்டத்துக்காக அவளைத் தெரிவுசெய்யும் எண்ணம் இருப்பதாகவும், அந்த ஊரில் வசிப்பதாகக் கிராம சேவகரின் அத்தாட்சியைப் பத்து நாளைக்குள் அனுப்பும்படியும் எழுதியிருந்தது.

“மன்னாரா? நான் புத்தளத்துக்கெல்லோ கேட்டது! ஆரு எழுதினது இதை?”

உசனார் பாயைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றார்.

“நான்தான் புள்ள. கட்டம் வெறுமையாக் கிடந்திச்சி.”

“ஸஹ்றாட வாப்பா! நாம இருக்கிறது இஞ்ச. வசிக்கிறம் எண்டு அங்க ஆரு எழுதித் தருவா?”

“அப்ப நான் எழுதினது பொய்யா?”

அவள் கடிதத்தைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தாள். மகள் ஸஹ்றாதான், “பொய் இல்ல வாப்பா, ஆனா உண்மையும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அது அவரை இன்னும் குழப்பியது. பொய் என்றால் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்யலாம். உண்மை என்றால் நிம்மதியாக இருக்கலாம். இரண்டும் இல்லாததுக்கு ஒரு மனிதன் என்ன செய்வது? இரண்டு ரக்அத் தொழுது, “யா அல்லாஹ், எது நல்லதோ அதைக் காட்டு” என்று கேட்டார். ஒன்றும் காட்டப்படவில்லை. நுரைச்சோலைக் கிராம சேவகரிடம் போனார்கள். “வாக்காளர் இடாப்பில உங்கட பேர் மன்னாரில கிடக்கு, நான் என்னத்தைத் தர?” என்றார் அவர்.

காட்டு வழி பஸ்ஸில் இரண்டு பேரும் முசலிக்குப் போனார்கள். கிராம சேவகர் ஷானிகா என்ற இளம் பெண், மரியாதையான பிள்ளை. காணியைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று கூடவே வந்தாள்.

உசனார் விறுவிறுவென்று நடந்து ஒரு கிணற்றைக் காட்டினார். “இதுதான் மகள், எங்கட கிணறு.”

பக்கத்துக் கொட்டிலுக்குள் இருந்து, முந்தின வருஷம் மீளக் குடியேறிய ஹயாத்து முகம்மது காக்கா எட்டிப் பார்த்தார். “அடேய் உசனாரு, அது எங்கட கிணறுடா! உன்டது அந்தப் பத்தைக்குள்ள கிடக்கு.”

உசனார் பற்றைச் செடிகளை விலக்கிப் போய்ப் பார்த்தார். கட்டு இடிந்த கிணறு ஒன்று இருந்தது. அதையும் தன்னுடையதென்று அவரால் அடையாளம் காண முடியவில்லை. இத்தனை வருஷம் கட்டம் கட்டமாக எழுதிய ஊரில் தன் கிணறு எதுவென்று தெரியாமல் நிற்கிறாரே.

“நானா, நீங்க இஞ்ச வசிக்கிறீங்களா இல்லையா?” என்று ஷானிகா கேட்டாள்.

“மகள், ஓம் எண்டாலும் பிழை மாதிரிக் கிடக்கு. இல்ல எண்டாலும் பிழை மாதிரிக் கிடக்கு. எனக்கு விளங்கேல்ல.”

உம்மு குல்தூம் முன்னால் வந்தாள். “மிஸ், நான் பொறந்தது இஞ்ச. வாக்கு இஞ்ச. இருபத்திமூணு வருஷமா இருக்கிறது நுரைச்சோலையில. அப்படியே எழுதித் தாங்க.”

“அப்படி எழுதினா உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம், டீச்சர்.”

“தெரியும்” என்றாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. உசனார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷானிகா அப்படியே எழுதிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ் எழுவன்குளம் தாண்டிய பிறகு அவள் கச்சான் கடலைச் சரையைப் பிரித்து அவர் கையில் பாதியைக் கொட்டினாள். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு வந்த பதிலை ஸஹ்றாதான் வாசித்தாள். பிறப்பும் வாக்கும் அந்த மாவட்டத்தில் இருப்பதால் ஏற்றுக்கொள்கிறோம். புலமைப்பரிசில் உங்களுக்கே. ஆனால் கிராம சேவகரின் கடிதத்தில் உள்ளபடி நீங்கள் அங்கே வசிக்கவில்லை என்பதால் ஒரு நிபந்தனை. படிப்பு முடிந்ததும் மூன்று வருஷம் அந்த ஊரிலேயே முன்பள்ளி நடத்த வேண்டும். மீளக் குடியேறிய பிள்ளைகளுக்கு அங்கே ஒன்றும் இல்லை. சம்மதம் என்றால் கையெழுத்திட்டு அனுப்பவும்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்ல வாயெடுத்த உசனார் பாதியில் நின்றார். இந்த முன்பள்ளி? இந்தத் தொட்டி? தான் பிழையாக எழுதிய இரண்டு வரி ஒரு குடும்பத்தைப் பிடித்து இழுக்கிறதா, இல்லை அன்றைக்கு அந்தப் பேனையைப் பிடித்தது தன் கை மட்டும்தானா? அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“ஓம் எண்டு போடவா?” என்று உம்மு குல்தூம் கேட்டாள்.

“நான் போட்டதாலதான் இவ்வளவும். இனி நீ போடு புள்ள.”

அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முன்பள்ளிக்குப் போய், பிள்ளைகள் போன பிறகும் தொட்டி ஓரமாகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள். வந்து கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல மண் அலசிக்கொண்டிருந்த உசனார், ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு ஹயாத்து முகம்மது காக்காவுக்குப் போன் எடுத்தார்.

“காக்கா, உங்கட பக்கம் நல்ல மண் எங்க எடுக்கலாம்?”

“என்னடா, வீடு கட்டப் போறியா?”

“தெரியேல்ல காக்கா. இது புள்ளைகள் விளையாட.”

“விளையாடவா? இஞ்ச எங்க பார்த்தாலும் மண்தானேடா!”

“இல்ல காக்கா,” என்றார் உசனார். “உப்பில்லாத மண்.”