தண்ணீரைத் தட்டிய கை

துக்கத்தில் இருந்தவளின் மனப்பிரமை என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் இது நடந்தது. என் கொழுந்தனும் கூட நின்றான். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே பிரமை வருமா?

எங்கள் நெல் வயலில் தண்ணீர் கட்டி, அதிலேயே கெண்டை மீனும் வளர்த்தோம். அறுவடைக்கு முன் தண்ணீரை மெல்ல வடிக்க வேண்டும். அப்போதுதான் மீன்கள் வரப்போரம் வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கும். என் கணவர் பள்ளத்தருகே குனிந்து, உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டுவார். தட்டினால் தீனி என்று பழக்கியிருந்தார். மொத்த மீனும் அவரைத் தேடி வரும்.

இந்தப் பருவத்துக்கும் அப்படிப் பழக்கிக்கொண்டிருந்தவர், ஒரு மத்தியானம் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்; உயிர் போய்விட்டது. அவர் விட்ட மீனாவது உயிரோடு இருக்கிறதே என்றுதான் நான் எழுந்து நடமாடினேன். ஒன்றுகூடச் சாகக் கூடாது. வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அறுவடை நெருங்கிய ஒரு மாலை, தண்ணீரை வடிக்க மடையைத் திறந்தோம். ஓரத்து மண் சரிந்து தண்ணீர் மடமடவென்று ஓடியது. நெல்லுக்கு நடுவே மீன்கள் சேற்றில் துள்ளின. நான் பள்ளத்தருகே உட்கார்ந்து தட்டினேன். ஒன்றும் வரவில்லை. கிட்டே இருந்தவையும் விலகின.

"எங்கம்மா வேலைக்குக் கூப்பிட்டா நான் ஓடுற மாதிரியே ஓடுதுங்களே, அண்ணி!"

"வாயை மூடிட்டு மடையை அடை."

இருட்டிக்கொண்டு வந்தது. தவளைகள் சட்டென்று அடங்கின.

தப்... தப்... தப்...

வயலின் மறுகோடியிலிருந்து. நிறுத்தி, நிறுத்தி. அவருடைய அதே நிதானம்.

"தம்பி, நீயா?"

"நான் இங்கதானே இருக்கேன்..."

குரல் என் முதுகுக்குப் பின்னால்.

காற்றே இல்லை. ஆனால் நெற்பயிர் பிரிந்தது. யாரோ நடந்து வருவதுபோல் ஒரு கோடு...

தப்... தப்...

கிட்டே.

மீன்கள் வந்தன. சேற்றில் வயிறு உரச, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பள்ளத்துக்குள் விழுந்தன.

கோடு எனக்கு நேரே வந்தது.

நின்றது.

"வீட்டுக்கு வாங்க" என்றேன்.



ஒரு மீன்கூடச் சாகவில்லை. நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். "பாத்தியா, உங்கண்ணன் தன் மீனை விட்டுடுவாரா?"

கொழுந்தன் குனிந்து பள்ளத்து மீனையே பார்த்தான். மறுநாள் மீனைக் கூடையில் அள்ளும்போதுதான் சொன்னான்.

"அண்ணி, திட்டாதீங்க. சாவு வீட்டுல யாரும் வயலைப் பாக்கல. மடை உடைஞ்சு தண்ணி வத்தி, அண்ணன் விட்டதெல்லாம் செத்துப்போச்சு. உங்ககிட்ட சொல்ல மனசு வரல. இதெல்லாம் நான் வாங்கி விட்டது. தீனியைத் தூவிட்டுப் போயிடுவேன். ஒரு நாளும் தட்டினதில்ல."

கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தேன்.

பழக்காத மீன், தட்டினால் வராது. மிரண்டு ஓடும். சத்தம் கேட்டது மறுகோடியில். மீன்கள் வந்தது என் பக்கம். அவை யார் அழைத்தும் வரவில்லை. பின்னால் வந்த எதற்கோ பயந்து, சேற்றிலும் நிற்காமல் ஓடி வந்திருக்கின்றன.

அதைத்தான் நான் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.