பம்பாய் பார்த்த மரகதக்கா

எங்கள் பெண்கள் விடுதியில் இடம் பார்க்க, பெண்ணைப் பெற்றவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டதுமே மரகதக்கா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். தண்ணீர் வருமா என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கும் வழக்கமில்லை. "பாருங்க சார், எந்நேரமும் இப்பிடியேதான் வரும்" என்பார். அதற்குக் கால் மணி நேரம் முன்புதான் மோட்டார் போட்டார் என்பது இங்கே குடியிருக்கும் எங்களுக்குத்தான் தெரியும். மூன்று பேர் அறையின் நான்காவது கட்டில் அன்று காலையிலேயே மொட்டைமாடிக்கு ஏறியிருக்கும். படிக்கட்டில் ஊதுவத்தி புகையும். எல்லாம் காட்டி முடித்தபின், வந்திருக்கும் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்: "கவலயே படாதீங்கம்மா, நம்ம பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்." கரூரிலிருந்து வந்த என் அம்மா அந்த வாக்கியத்தில்தான் விழுந்தாள். நான் மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் பி.ஜி. விடுதிக்கு மூன்று மாடி, நாற்பத்திரண்டு பெண்கள். நைட்டிக்கு மேல் ஒரு துண்டும் இடுப்பில் சாவிக்கொத்துமாக அக்கா நாள் முழுதும் ஏறி இறங்குகிறார். எங்கள் பெயர்கள் அவருக்கு நிற்பதில்லை, அறை எண்தான் பெயர். நான் "டூ நாட் ஃபோர்". தலைக்கு எண்ணெய் வைக்காத பெண்களைக் கண்டால் பொறுக்காது, பிடித்து உட்கார வைத்துவிடுவார். பிறந்து வளர்ந்தது பெங்களூரின் நீலசந்திராவில் என்பதால் பால்காரரிடம் கன்னடம், கறிக்கடையில் உருது, எங்களிடம் மூன்றும் கலந்த தமிழ். கோபம் வந்தால் மட்டும் சுத்தத் தமிழ் வரும், அதை எழுத முடியாது.

போன அக்டோபரில் அவருடைய மகள் தாரணிக்கு மும்பையில் வேலை கிடைத்தது. துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு. பத்தாம் தேதி சேர வேண்டும். அப்பா சந்திரன் கம்பெனி கேப் ஓட்டுகிறார், அதிகம் பேசாதவர். "நீ போய்ப் பாத்துட்டு வா. நீ சரின்னா அனுப்பலாம், வேணான்னா வேணாம்" என்று முழுப் பாரத்தையும் மனைவி தலையில் வைத்துவிட்டார். அதுவரை அம்மாவோடு ஒரே கட்டிலில் படுத்துவந்த தாரணி, அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே இளைத்தாள். ஊர் பேர் தெரியாத பெண்களையெல்லாம் கூட்டி வைத்திருக்கும் அக்காவுக்கு, சொந்தப் பெண்ணை இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்பும் தைரியம் வரவில்லை.

நான் லீவு போட்டு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாலு நாள் மும்பையைச் சுற்றிவரக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா அறை வாசலில் வந்து நின்றார். "நானும் வரட்டா கண்ணு? சும்மா ஊர் பாக்கத்தான்." சும்மா என்பதை நான் அப்போதே நம்பவில்லை. மறுநாள் ரயிலடியில், தாரணியின் பழைய ஸ்கூல் பையை முதுகில் மாட்டி, வார் இரண்டையும் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். உள்ளே இட்லி, மிளகாய்ப்பொடி, ஒரு டார்ச், இரண்டு பாட்டில் பெங்களூர்த் தண்ணீர்.

மும்பையில் முதல் நாள் காலை ஆறரை மணிக்கு, பி.ஜி. ஞாபகத்தில், லாட்ஜ் வராந்தாவில் நின்று பக்கத்து அறைக் கதவைத் தடதடவென்று தட்டினார். "ஏய், கேப் வந்துட்டுது, எந்திரிங்கடி!" பனியனோடு ஒரு பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். டாக்ஸிக்காரர் ஒருவர் இவருடைய உருதுவைக் கேட்டுவிட்டு ஹைதராபாத்தா என்றார். "கைக்கு ஹைதராபாத்? பெங்களூர்!" என்று, ஏன் ஹைதராபாத் என்கிறாய் என்ற தொனியில், அவரோடு ஒரு மூச்சு சண்டை நடந்தது.

நான் கேட்வே ஆஃப் இந்தியாவைப் பார்த்தேன். அவர் அங்கிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் எத்தனை விளக்குக் கம்பம் என்று எண்ணினார். நான் மாடி பஸ்ஸில் முன்சீட்டுக்கு ஓடினேன். அவர் கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஆபீஸ் கூட்டத்தோடு வேண்டுமென்றே ஏறி, நசுங்கி இறங்கி, "பரவால்ல, பொம்பளைங்க எடம் குடுக்கறாளுங்க" என்று மனதுக்குள் ஏதோ டிக் அடித்துக்கொண்டார். இடையிடையே தாரணிக்காக ஹாஸ்டல்கள். இரண்டு நாளில் ஆறு பார்த்தோம், ஆறும் தேறவில்லை. ஓரிடத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. இன்னோரிடத்தில் ஊதுவத்தி வாசனை அதிகம். "எதையோ மறைக்கறா" என்றார்.

"அக்கா, நீங்களும் இதையேதானே செய்றீங்க?"

"அதனாலதான்டி தெரியுது."

மூன்றாம் நாள் எலிஃபண்டா தீவுக்குப் படகில் போனோம். நங்கூரமிட்ட சரக்குக் கப்பல்களைத் தாண்டும்வரை வாய் மூடாமல் பேசிக்கொண்டு வந்தவர், பிறகு கரையைத் திரும்பிப் பார்த்தார். கட்டடம் கட்டடமாக ஊர் நீண்டு கிடந்தது.

"தீபிகாவ ஞாபகம் இருக்குதா உனக்கு? சேலத்துப் பொண்ணு. த்ரீ நாட் ஒன்."

இருந்தது. போன வருடம் மஞ்சள்காமாலையோடு இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்த பெண். கூட இருந்தவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். மகள் போன் எடுக்கவில்லையென்று அவளுடைய அப்பா பஸ் பிடித்து வந்து கதவைத் தட்டியபோதுதான் எங்கள் எல்லாருக்குமே தெரிந்தது.

"அவங்கப்பா என்ன ஒரு வார்த்த திட்டல. 'நம்ம பொண்ணு மாதிரின்னு சொன்னீங்களேம்மா'ன்னாரு, அவ்ளோதான். என் பொண்ணு ஒரு வேள சாப்பிடலன்னா எனக்குத் தெரியும் கண்ணு. அந்தப் பொண்ணு நாலு வேள சாப்புட வரல, எனக்குத் தெரியல. சாம்பார் மீந்துச்சு, நாய்க்கு ஊத்துனேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக் காய்த்துப்போன கை. அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு ஏற்பட்ட பிரியத்தை எப்படிச் சொல்வதென்று இப்போதும் தெரியவில்லை.

நாலாம் நாள் மத்தியானம், ஊர் திரும்ப ரயிலுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கும்போது, பைக்குல்லாவில் ஒரு சந்துக்குள் ஏழாவது ஹாஸ்டல். நடத்துபவர் கேரல் ஆன்ட்டி. கோவாக்காரர், பூப்போட்ட கவுன், கழுத்தில் ஜெபமாலை. எங்களைக் கண்டதும் நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அறையில் மூன்று கட்டில்கள். அக்கா குனிந்து, தரையில் நான்காவது கட்டிலின் கால்கள் பதிந்த தடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கேரல் ஆன்ட்டி ஒரு கணம் விழித்தார். அக்கா இங்கேயும் கழற்றாத தன் இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து ஆட்டி, "பெங்களூர். நாற்பத்திரண்டு பேர்" என்று உருதுவில் சொன்னதும் அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்து, ஒரு கட்டிலில் உட்கார்ந்தே விட்டார். பிறகு இருவரும் கேஸ் விலை, சமையல்காரி சொல்லாமல் நின்றுபோவது, பாத்ரூமில் முடி அடைப்பது என்று அரைமணி நேரம் பேசினார்கள். நான் ஒருத்தி அங்கே இருப்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது.

கடைசியில் கேரல் ஆன்ட்டி அக்காவின் கையைப் பிடித்தார். "அப்னி பேட்டி ஜைஸா..." என்று ஆரம்பித்தார். நம்ம பொண்ணு மாதிரி.

"நக்கோ," என்றார் அக்கா. அது வேண்டாம். தன்னிடம் இதுவரை எந்தப் பெற்றோரும் கேட்காத கேள்வியை நீலசந்திரா உருதுவில் கேட்டார்: "ஒரு பெண் இரண்டு நாள் சாப்பிட வரவில்லையென்றால் உங்களுக்குத் தெரியவருமா?"

கேரல் ஆன்ட்டியின் சிரிப்பு நின்றது. ஜெபமாலையை ஒருமுறை தொட்டுக்கொண்டார். முப்பத்தெட்டுப் பேர், என்றார். தெரியவரும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் சத்தியமாகச் சொல்ல முடியாது. உங்கள் மகளின் பெயரைச் சொல்லுங்கள், அவளையாவது தினம் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். "பொய் சொல்லல பாத்தியா. இது போதும்." பிறகு அவர் பக்கம் திரும்பி, "தாரணி" என்று நிறுத்திச் சொன்னார். அந்த அம்மாளைத் திருப்பிச் சொல்ல வைத்தார். "தாராணி" என்று வந்ததைத் திருத்தி மறுபடி சொல்ல வைத்தார். பத்தாம் தேதிக்கு ஜன்னலோரக் கட்டில் என்று முடிவாயிற்று.

நேரமாகிறது என்றேன். "ஒரு நிமிசம் இரு கண்ணு" என்று முதுகிலிருந்த பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். செருப்பை விட்டுவிட்டு அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தார். தலையணையை ஒருமுறை அமுக்கிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்லப் புரண்டு, பக்கத்தில் இன்னொரு ஆள் படுக்க இடம் விட்டு, சுவரோரமாக ஒண்டிக்கொண்டார்.