ஹாஜியாரின் பின் டேங்க்

கெலிஓயாவில் எனக்கு ஒரு கராஜ். டீசல் வண்டி வேலைதான் அதிகம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஹாஜியாரின் பிக்கப் கதை.

ஹாஜியார் மரக்கறி மொத்த வியாபாரி. பிக்கப் பழசு, இரண்டு டேங்க். டீசல் தட்டுப்பாட்டுக் காலத்தில் நாள்கணக்கில் கியூவில் நின்று ரோட்டில் காய்ந்த மனுஷன், அதன் பிறகு பின் டேங்கை நிரப்பி, மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்புப் பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். ஓட்டமெல்லாம் முன் டேங்கில்தான்.

ஒருநாள் காலையில் டிரைவர் செல்வத்தோடு வந்து இறங்கினார்.

“பாஸ், முன் டேங்க்ல டீசல் நிக்கிதே இல்ல. குழாய் போட்டு உறிஞ்சின அடையாளம் ஈக்கான்னு பாருங்க.”

செல்வத்தின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். செல்வம் மஹய்யாவ ஆள், பல வருஷமாக அவரிடம் ஓட்டுகிறவர். முந்தின நாள் ஹாஜியார் அவர் வீட்டு வாசலுக்கே போய், பெண்சாதி பிள்ளைகள் முன்னால், அக்கம்பக்கம் கேட்க, கள்ளன் என்று சத்தம் போட்டிருக்கிறார்.

“நல்லா பாருங்கண்ணே,” என்றார் செல்வம். எனக்கு மனசு கேட்கவில்லை.

லீக் ஒன்றும் இல்லை. ஹோஸெல்லாம் காய்ந்து கிடந்தன.

“பின் டேங்க்ல கடைசியா எப்ப ஓடுனீங்க?”

“போன வாரம்ண்ணே. கடுகண்ணாவ ஏத்தத்துல முன் டேங்க் முடிஞ்சிருச்சி. பின்னுக்கு மாத்தி, அது பாதி முடியிற வரைக்கும் ஓடுனோம். பெட்ரோல் செட்ல டீசல் அடிச்சதும் திருப்பி மாத்திட்டேன்.”

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பம்ப் இழுக்கிற டீசலை எஞ்சின் முழுதாக எரிப்பதில்லை. மிச்சம் ரிட்டர்ன் லைனில் டேங்குக்குத் திரும்பும். டேங்க் மாற்றும் வால்வு இரண்டு லைனையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதுவோ அதுவரை வருஷக்கணக்கில் அசையாத வால்வு. திருப்பி மாற்றும்போது ரிட்டர்ன் பக்கம் துருவில் இறுகி அப்படியே நின்றுவிட்டது. முன் டேங்கில் இழுத்து, மிச்சத்தைப் பின் டேங்கில் ஊற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது வண்டி.

“ஹாஜியார், அந்தப் பூட்டைத் திறங்க.”

“அதுல யாரும் கை வெக்க ஏலாதே பாஸ்!”

“அதனாலதான் திறக்கச் சொல்றேன்.”

திறந்தார். கழுத்து வரைக்கும் டீசல். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் வாய் வழியாக வழியத் தொடங்கியது.

“பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு ஊரெல்லாம் தேடுன கதைதான்,” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஹாஜியார் பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினார். “இனி நீயே வெச்சிக்க செல்வம்.”

செல்வம் கை நீட்டவில்லை. “சாவி வேணாங்க ஹாஜியார். நேத்து சத்தம் போட்ட எடத்துல வந்து இதச் சொல்லுங்க. அப்புறம் வேலைக்கு வர்றேன்.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். “பாஸ், நீங்களும் வாங்க. எனக்கு வால்வப் பத்தி சொல்லத் தெரியாது.”

ரிட்டர்ன் ஹோஸை நேராக முன் டேங்குக்குக் கொடுத்துவிட்டு, அழுக்குக் கையோடு நானும் ஏறினேன்.

மஹய்யாவயில் அதே வாசலில் நின்று, “செல்வம் எடுக்கல்ல. என்ட டேங்க்தான் எடுத்திருக்கு. நான்தான் பிழையாப் பேசிட்டேன்,” என்று ஹாஜியார் சத்தமாகவே சொன்னார். வால்வைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

செல்வத்தின் பெண்சாதி உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். எனக்கு, செல்வத்துக்கு, கடைசியில்தான் ஹாஜியாருக்கு. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இரட்டை டேங்க் வண்டியில் டீசல் குறைந்தால் முதலில் ரிட்டர்ன் லைனைப் பாருங்கள். டிரைவரைப் பார்ப்பது அதற்குப் பிறகு.