நாளைக்கு டைலரின் பூனை

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது என்னவென்று அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். தெருவைப் பொறுத்தவரை அவர் 'நாளைக்கு டைலர்'.

இதில் அவமரியாதை எதுவும் இல்லை. மற்ற தையல்காரர்கள் வெள்ளிக்கிழமை என்பார்கள், அடுத்த வாரம் என்பார்கள். அந்த வெள்ளிக்கிழமையும் சொன்னபடி வந்து தொலைத்து, அவர்களைப் பொய்யர்களாக்கிவிடும். நம்மவர் அந்தத் தவற்றை ஒருநாளும் செய்ததில்லை. எப்போது கேட்டாலும் "நாளைக்கு" என்பார், கேட்டவர் போய்விடுவார். மறுநாள் வந்து கேட்டாலும் அதே பதில்தான். இருபக்கமும் மனக்கசப்பில்லாமல் இந்த ஏற்பாடு வெகுகாலமாக நடந்துவந்தது.

வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேஜை, சுவரோரமாக நீளக் கம்பி. அந்தக் கம்பியில் காலரில்லாத சட்டைகளும் ஜிப் வைக்காத பேன்ட்டுகளும், வளர்ந்துவிட்ட குழந்தைகளின் ஃப்ராக்குகளும் தொங்கிக்கொண்டிருந்தன. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பார். கடித்த முனையை இடப்பக்கம் 'த்தூ' என்று துப்புவார். இடப்பக்கத்தில் வெட்டுத்துணி போட்டுவைக்கும் அட்டைப்பெட்டி ஒன்று உண்டு. அதில் பாபின் படுத்திருக்கும்.

பாபின் என்பது மெஷினுக்கு அடியில் மறைந்திருந்து சுற்றும் சின்ன நூல் உருளை. வெளியே தெரியாது. அது இல்லாவிட்டால் மெஷின் ஓடாது. சாம்பல் நிறப் பூனைக்கு அந்தப் பெயரைத் தேர்ந்து வைத்தவர் டைலர்தான். தனக்கு இதுவரை எந்தச் செல்லப்பெயரும் வைக்கப்படவில்லை என்பதை அவர் மனைவி அவ்வப்போது நினைவூட்டுவதுண்டு. அதற்கும் "நாளைக்கு" என்றுதான் பதில்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஒரு காலை பாபின் வாந்தி எடுத்தது.

பூனை வாந்தி எடுப்பது உலக அதிசயமில்லை. நாக்கால் தன்னையே நக்கி, விழுங்கிய ரோமத்தைச் சுருட்டி எப்போதாவது வெளியே தள்ளும். பிறகு எதுவும் நடக்காததுபோல நிமிர்ந்து உட்காரும். அன்றைக்கு அப்படியில்லை. சாப்பிட்டதை எடுத்தது. சற்று நேரங்கழித்து வெறும் நுரை வந்தது. மத்தியானம் யாரோ ஒருவரின் கோட்டு லைனிங்கின்மேல் மஞ்சளாக ஏதோ எடுத்தது. அந்தக் கோட்டுக்காரர் வந்து கேட்க இன்னும் நிறைய நாள் இருந்ததால் அந்தச் சேதம் பெரிதாகக் கருதப்படவில்லை.

மனைவி பெருக்க வந்தவள், கம்பிக்குக் கீழே கிடந்த பச்சைத் துணி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"என்னங்க, இந்தப் பச்சை அங்கியோட கை கழண்டு கீழ கிடக்கு."

"இருக்கட்டும். நாளைக்குச் சேத்துக்கலாம்."

"பூனையை?"

"அதையும் நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு என்ன நாளைக்கு? நாலு தெரு தள்ளி பிராணி டாக்டரம்மா இருக்காங்க. ஒரு எட்டு போயிட்டு வந்தா என்ன?"

டைலர் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். கை கழண்டுபோன அந்தப் பச்சை அங்கி, சாட்சாத் அந்த டாக்டரம்மாவுடையது. அறுவைச் சிகிச்சை செய்யும்போது போட்டுக்கொள்ள ஒன்று வேண்டுமென்று, வெயில் கொளுத்திய நாட்களில் துணி கொண்டுவந்து கொடுத்திருந்தார். இப்போது மழை பெய்துகொண்டிருந்தது. இடையில் டைலர் சும்மா இருந்துவிடவில்லை. துணியை வெட்டினார். மெஷினில் தைக்கும்முன் துண்டுகள் நகராமலிருக்க, மஞ்சள் நூலால் பெரிய பெரிய கைத்தையலாகத் தற்காலிகமாகக் கோத்தார். நல்ல தையல் போட்டதும் பிரித்தெடுத்துவிடும் நூல் அது. அந்த நிலையில் கம்பியில் மாட்டினார். அங்கி அங்கேயே குடியேறிவிட்டது. டாக்டரம்மாவும் வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். கடைசியாகக் கேட்டபோது குரலில் ஒரு மாற்றம் தெரிந்ததால், டைலர் அந்தத் தெருப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார்.

ஆகவே டாக்டரம்மாவைத் தவிர உலகில் இருந்த எல்லா வைத்தியரையும் கலந்தாலோசிப்பது என்று முடிவாயிற்று.

முதல் வைத்தியர் மைத்துனன். அடுத்த கடையில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். எந்தக் கோளாறுக்கும் அவனிடம் ஒரே வைத்தியம்தான்.

"மாமா, சிம்பிள். சாப்பாட்டை நிறுத்துங்க. வயிறு காலியாகட்டும். ஆஃப் பண்ணி ஆன் பண்ற மாதிரி."

"பூனைக்கு ஸ்விட்ச் எங்கடா இருக்கு?"

"கிண்டல் பண்ணாதீங்க மாமா. எனக்குப் போன மாசம் இதே மாதிரி வந்துச்சு. ஒரு மாத்திரைதான், நின்னுடுச்சு. பாதி மிச்சம் இருக்கு, கொண்டாரட்டுமா?"

"உன் மாத்திரையை நீயே முழுங்கு" என்றாள் அக்காக்காரி. "மனுசன் மாத்திரையைப் பூனைக்குக் குடுத்து, அது செத்து கித்து வச்சா உன்னைத்தான் அந்தப் பெட்டியில படுக்க வைப்பேன்."

பேன்ட் உயரம் குறைக்க வந்தவர் சாப்பாட்டை மாற்றச் சொன்னார். ரவிக்கை கேட்டு வந்து ஒரு 'நாளைக்கு' வாங்கிப் போன பெண்மணி, புல் தின்னக் கொடுங்கள் என்றார். தபால்காரர் நின்று பார்த்து, எல்லாம் ரோமம்தான், தினமும் சீப்பால் வாரிவிடுங்கள் என்றார். டைலர் எல்லாவற்றையும் செய்தார். வேறு யாருக்கும் அவ்வளவு சுறுசுறுப்பாக அவர் எதையும் செய்ததில்லை. சாப்பாடு மாறியது, புல் வந்தது, அளவு நாடா தொங்கும் கழுத்தோடு குனிந்து பூனைக்குத் தலைவாரிவிட்டார். பாபின் புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மறுநாள் குடித்த தண்ணீரும் திரும்பி வந்தது. மீன் துண்டை மூக்கருகே வைத்தும் கண்ணைத் திறக்கவில்லை. தன் பெட்டியை விட்டுவிட்டு, மேஜைக்கு அடியில் இருட்டு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது. டைலர் தரையில் படுத்து, கையை நீட்டி, "பாபின்... டேய் பாபின்" என்றார். வாலின் நுனிகூட ஆடவில்லை.

எழுந்தபோது மனைவி துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க வர்றீங்களா, நான் போகட்டுமா?"

டைலர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

டாக்டரம்மாவின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "டாக்டரம்மா ஆபரேஷன்ல இருக்காங்க. நாளைக்கு வாங்க."

அந்தச் சொல்லின் முழு ஆழத்தையும் அறிந்த ஒரே மனிதரிடம் அதைச் சொல்கிறோம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிய நியாயமில்லை. டைலர் பெஞ்சில் உட்கார்ந்து பூனைப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், நாளைக்குன்னு சொன்னேனே."

"கேட்டுச்சும்மா. நாளைக்குன்னா என்னன்னு எனக்குத் தெரியும். இன்னைக்கே பாத்துட்டுப் போறேன்."

"எவ்வளவு நேரமாகும்னு தெரியாதே சார்."

"பரவால்ல. தண்ணி கூட நிக்கல இதுக்கு."

அந்தப் பெண் இப்போதுதான் நிமிர்ந்தாள். "தண்ணியும் நிக்கலையா? அதை முதல்லயே சொல்ல வேண்டாமா?" என்று உள்ளே ஓடினாள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். உடம்பில் சாயம்போன பழைய அங்கி. தோள்பட்டை கிழிந்து, ஊக்கு குத்தியிருந்தது. டைலரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட! தைச்சே கொண்டாந்துட்டீங்களா?"

டைலர் பையைத் திறந்து காட்டினார். டாக்டரம்மாவின் மலர்ச்சி போய், வேறொரு முகம் வந்தது. பூனையை மேஜைமேல் வைத்து, தோலைக் கிள்ளிப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து?"

"நேத்துக் காலையிலேர்ந்து" என்றாள் மனைவி.

"நேத்தே கொண்டுவந்திருக்கணும். எப்பவோ ஒரு தடவை எடுத்துட்டு ஓடியாடிட்டு இருந்தா பயமில்ல. திரும்பத் திரும்ப எடுத்து, சாப்பாடும் இறங்காம, ஒரு மூலையில போய்ப் படுத்துக்கிட்டா ஒரு வேளை கூடத் தள்ளக் கூடாது. வாயைப் பாப்போம்."

வாயைத் திறந்து, நாக்கை ஒதுக்கித் தூக்கினார். நாக்கின் அடியில் மெல்லிய மஞ்சள் நூல் ஒன்று வளையமாக மாட்டியிருந்தது. அதன் இரு முனைகளும் தொண்டைக்குள் போயிருந்தன.

அடுத்து நடந்ததற்கு டைலர் பொறுப்பல்ல, அவர் தொழில்தான் பொறுப்பு. நூலைக் கண்டதும் அவர் கை தானாக நீண்டது. பல்கூடத் தயாராகிவிட்டிருந்தது.

டாக்டரம்மா பளாரென்று அந்தக் கையில் ஒன்று வைத்தார்.

"இழுக்காதீங்க! ஃப்ராக்குக்குச் சுருக்கு வைக்க நூலை ஓட்டி இழுத்தா துணி என்ன ஆகும்?"

"சுருங்கி மடிப்பு மடிப்பா..." டைலர் கையை மடக்கிக்கொண்டார்.

"இங்க துணி இல்ல, குடல். ஒரு பக்கம் நாக்குல மாட்டியிருக்கு, மறுபக்கம் குடலுக்குள்ள போயிருக்கு. நீங்க இழுத்தா அறுத்துடும். வாயில தெரிஞ்சாலும் சரி, பின்னால தொங்கினாலும் சரி, கை வைக்கவே கூடாது. ஊசியோட முழுங்கியிருக்கா?"

டைலர் காலரில் குத்தியிருந்த ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஊசி இல்ல டாக்டரம்மா" என்றாள் மனைவி. "இது உங்க அங்கியோட வலது கையைக் கோத்திருந்த நூல். கை நேத்துதான் கழண்டு விழுந்துச்சு. ஏன் விழுந்துச்சுன்னு இப்பதான் புரியுது."

டாக்டரம்மா நூலைப் பார்த்தார், டைலரைப் பார்த்தார், ஊக்குக் குத்திய தன் தோளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்துட்டு வயித்தைத் திறக்கணும்."

"எப்ப டாக்டரம்மா?" என்றார் டைலர்.

"இப்பவே. நாளைக்குன்னா திறக்கிறதுல பிரயோஜனம் இல்ல."

கதவு சாத்தப்பட்டது. படத்தில் ஊசி எதுவும் தெரியவில்லை என்று அந்தப் பெண் வந்து சொல்லிப் போனாள். டைலர் சற்று நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழுத்து நாடாவை எடுத்துத் தன் முழங்காலை அளந்தார். பிறகு எழுந்து வெளியே போனார். மனைவி தடுக்கவில்லை.

வீட்டு முன்னறையில் மெஷின் ஓடிய சத்தம் கேட்டு, மின்சாரக் கோளாறோ என்று மைத்துனன் எட்டிப் பார்த்ததாகத் தெரிகிறது. ரவிக்கைப் பெண்மணி அதே நேரம் வந்து, "என்னோடது..." என்று ஆரம்பித்தார். டைலர் தலையை நிமிர்த்தவே இல்லை. "நாளைக்கு" என்றுகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண்மணி கலவரமடைந்து திரும்பிப் போனார்.

மாலை சாயும்முன் பச்சை அங்கி மடிப்புக் கலையாமல் டாக்டரம்மாவின் மேஜைக்கு வந்தது. அதில் மஞ்சள் நூல் ஓரிழைகூட இல்லை.

பாபின் கம்பிக் கூண்டுக்குள் மயக்கத்தில் கிடந்தது. வயிறு மழிக்கப்பட்டு, நடுவே ஒரு தையல் வரிசை. டைலர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மூச்சு ஏறி இறங்குவதைப் பார்க்கிறார் என்று மனைவி நினைத்தாள். அதைத்தான் பார்த்தார். பிறகு தொழில் குறுக்கே வந்துவிட்டது.

"ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனியா முடிச்சா? ஒரே ஓட்டமா ஓட்டினா சீக்கிரம் முடியுமே."

"ஒண்ணு அவிழ்ந்தாலும் மத்தது பிடிச்சுக்கும்" என்றார் டாக்டரம்மா. "உங்க வலது கை மாதிரி மொத்தமா கழண்டு விழாது."

"பொழைச்சுக்குமா?"

"குடல்ல ஓட்டை எதுவும் இல்ல. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா வேற மாதிரி பேசிட்டு இருப்போம். எழுந்து தண்ணி குடிச்சு அது உள்ள நிக்கட்டும், அப்புறம் சொல்றேன்."

அங்கியைப் போட்டுப் பார்த்தார். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. இரு கைகளும் இருந்தன. டாக்டரம்மா இடுப்புப் பக்கம் தடவினார்.

"பாக்கெட் வைக்கச் சொன்னேனே?"

டைலர் வாயைத் திறந்தார். "நா..." என்று ஒரு சத்தம் வந்தது. மனைவி அவரைப் பார்த்தாள். கூண்டுக்குள் ஒரு காது லேசாக அசைந்தது.

டைலர் அங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பச்சைத் துண்டைப் பையிலிருந்து எடுத்து மடித்தார். சட்டைக் காலரின் உட்புறத்தில் எப்போதும் குத்தியிருக்கும் ஊசியை உருவி, அங்கேயே கையால் பாக்கெட் தைத்தார். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, பழக்கத்தில் நூலை வாய்க்குக் கொண்டுபோனார். பல்லருகே போன நூல் நின்றது.

"டாக்டரம்மா, ஒரு கத்தரி கிடைக்குமா?"

நறுக்கென்று வெட்டிய முனையை அவர் துப்பவில்லை. இரண்டு விரலால் எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டு, அது உள்ளே போய்விட்டதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு அங்கியை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு, கூண்டுப் பக்கமாகப் பெஞ்சை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.