பிரிக்காத பொட்டலம்

அடியார் பெருமக்களே, நான் கேட்டதெல்லாம் கிடைத்தது என்று சொல்ல இதை எழுதவில்லை. கேட்கவே தகுதியற்று நின்ற ஒரு வேளையில் எனக்கு அருளப்பட்டதைச் சொல்லவே எழுதுகிறேன். எழுதும்போதும் முகம் சுடுகிறது.

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் வாழ்கிறேன். தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். நாற்பது ஆண்டுகளாக விடியலில் பதிகம் ஓதாமல் ஒரு வாய் நீரும் அருந்தியதில்லை. என் ஒரே மகன் காய்ச்சலில் இறந்தபின் மருமகள் தேன்மொழி பிறந்த வீட்டுக்குப் போகாமல் என்னோடே தங்கினாள். மரவள்ளித் தோட்டமும் மிளகுக் கொடிகளும் அவள் கையால்தான் பிழைத்தன. நானும் அப்படித்தான் பிழைத்தேன்.

அவளுக்குச் சட்டம் படிக்க ஆசை. நுழைவுத் தேர்வுக்கு ஓராண்டு உழைத்தாள். ‘இப்படியானால் அப்படி’ என்று நிபந்தனை வைத்துக் கேட்கும் தருக்கக் கேள்விகள் அத்தேர்வில் உண்டு. மாலையில் நான் கேள்வியை வாசிப்பேன். அவள் விடை சொல்வாள்.

“மழை பெய்தால் பேருந்து வராது. இன்று பேருந்து வரவில்லை. மழை பெய்ததா?” என்று ஒருநாள் வாசித்தேன்.

“சொல்ல முடியாதுங்க மாமா.”

“ஏன் கண்ணு? மழை பேஞ்சிருக்கும். அதான் பஸ்ஸக் காணோம்.”

“பஞ்சர் ஆயிருக்கலாமுங்க. டிரைவரு டீக்கடைல உக்காந்திருக்கலாமுங்க. மழை பேஞ்சா பஸ் வராதுன்னுதானுங்க சொல்லியிருக்காங்க. பஸ் வரலீன்னா மழைதான் காரணம்னு சொல்லலீங்களே.” சிரித்துவிட்டாள். “நீங்க இந்தப் பரீட்சை எழுதுனா ஃபெயிலுங்க மாமா.”

நானும் சிரித்தேன். ஆனால் என் உள்ளத்தில் வேறொரு நிபந்தனை ஓடிக்கொண்டிருந்தது. இவள் தேறினால் போய்விடுவாள். போனால் நான் தனியன். விடியலில் பதிகம் முடிந்ததும், “அவளை இங்கேயே நிறுத்து” என்று வேண்டத் தொடங்கினேன். அவள் தேறவே நான் வேண்டுவதாக அவள் நம்பியிருந்தாள்.

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம். தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. அவளே என்னிடம் வந்தாள்.

“உங்களத் தனியா உட்டுட்டுப் போறதான்னு மனசு அடிச்சுக்குதுங்க மாமா. சாமிகிட்டப் பூக் கேட்டுரலாமுங்க.”

பெரிய முடிவு எதையும் எங்கள் வீட்டில் அப்படித்தான் எடுப்போம். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, மற்றொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் பொட்டலமாகக் கட்டி விளக்கின் முன் வைத்து, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் இறைவனின் இசைவு. சிவப்பு வந்தால் மறுப்பு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமலே ஓடையில் விட்டுவிடுவோம். பொட்டலம் கட்டுவது வீட்டின் மூத்தவர். அன்று கட்டியவன் நான்.

இரண்டிலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன்.

எழுதிவிட்டேன். இனி எழுதுவது எளிது.

அவள் கண்மூடி எடுத்தாள், பிரித்தாள். சிவப்பு. “சரிங்க மாமா. சாமி சொல்லிருச்சு” என்றாள். நோட்டுகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள். சாமை காயவைக்கப் போய்விட்டாள். அழவில்லை.

மறுநாள் விடியலில் பதிகத்தின் முதல் அடி நாவுக்கு வந்தது, குரல் வரவில்லை. மகன் இறந்த மறுநாள்கூட ஓதியவன் நான். அன்று என்னால் இயலவில்லை. அப்போதுதான் வேறு விதமாக வேண்டினேன். “முன்பு கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உண்மையைச் சொல்ல ஒரு வாய் கொடு. அது போதும்.” வேண்டினேனே தவிர, எழுந்துபோய்ச் சொல்லும் துணிவில்லை. நண்பகல் வரை அங்கேயே அமர்ந்திருந்தேன்.

விளக்குத் துலக்க அவள் வந்தாள். இரண்டாவது பொட்டலம் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதை அப்புறப்படுத்த நான் மறந்திருந்தேன். அவள் அதைக் கையில் எடுத்தாள்.

“இத ஓடைல உட்டுட்டு வாரேனுங்க மாமா.”

“உள்ள என்ன இருக்குன்னு பாக்கலீயா கண்ணு?”

“எதுக்குங்க? அது செவப்புன்னா இது வெள்ளைதானுங்க. நீங்க கட்டுனதாச்சே.”

மழைக்கும் பேருந்துக்கும் சான்று கேட்டவள் என்னிடம் சான்று கேட்கவில்லை. வாசற்படியைத் தாண்டிவிட்டாள். இன்னும் சிறிது பொறுத்தால் ஓடை என் பாவத்தைக் கொண்டுபோய்விடும், எவருக்கும் தெரியாது. அந்த நொடியில் நான் கேட்ட வாய் திறந்தது.

“பிரி கண்ணு. அதுவும் செவப்புதான். நாந்தான் ரெண்டுலயும் செவப்பு வெச்சேன்.”

அதைப் பேசியவன் நான் என்று இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

அவள் பிரித்தாள். உள்ளே வாடிய செவ்வரளி. “போகாத கண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பேனுங்க. சாமிய எதுக்குங்க மாமா இழுத்தீங்க?”

அவள் உள்ளே போனாள். சாக்கை அவிழ்க்கும் ஓசை கேட்டது. பிறகு குரல் மட்டும் வந்தது. “காலைல மொத பஸ் எத்தன மணிக்குங்க?”

நானும் உடன் போனேன். மலைப்பாதையின் வளைவுகள் அத்தனையும் இறங்கிச் சேலம் சேரும் வரை இருவரும் பேசவில்லை. தேர்வுக்கூட வாயிலில் திரும்பி, “வெயில்ல நிக்காதீங்க மாமா” என்றாள். அவ்வளவுதான். அவள் வெளியே வரும் வரை வெயிலில்தான் நின்றேன்.

இடம் கிடைத்தது. இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தீபாவளிக்கு வந்தவள், தானே இரண்டு பொட்டலம் கட்டி விளக்கின் முன் வைத்தாள். “மாமா எங்க காலேஜப் பாக்க வரோணுமா வேண்டாமான்னு கேட்டிருக்கறனுங்க. எடுங்க.” எடுத்தேன், வெள்ளை நந்தியாவட்டை. மற்றதையும் அவளே பிரித்துக் காட்டினாள், அதுவும் நந்தியாவட்டை. “உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானுங்க” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடியார்களே, இப்போதும் விடியலில் ஓதுகிறேன். குரல் திரும்பிவிட்டது. ஆனால் ‘இது தந்தால்’ என்று எதையும் இறைவன் முன் வைப்பதில்லை. உங்களில் யாரேனும் அவன் பெயரைச் சொல்லி, தம் விருப்பத்தைப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கலாம். அதை ஓடைக்குக் கொண்டுபோகும் முன் அவனிடம் வாய் கேளுங்கள். இரண்டிலும் சிவப்பு வைத்த எனக்கே தந்தான்.