பாறூக்கின் ரயிலும் பவாஸின் கோட்டும்

பதுளைக் கடைத்தெருவில் கைபேசி திருத்தும் பாறூக்கைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுசன் என்றுதான் சொல்வார்கள். குரலை உயர்த்த மாட்டார். வட்டிலப்பம் செய்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். அவர் கடைக்குப் பக்கத்தில் புடவைக்கடை வைத்திருப்பவள் நான், ராமலட்சுமி. அந்தத் தங்கத்தைக் கண்டாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பாறூக்குக்குக் கலியாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை, ரயில் இருக்கிறது. கட்டாரிலிருந்து ஒரு மச்சான் அனுப்பிய விளையாட்டு ரயிலில் தொடங்கிய பைத்தியம் அது. இன்று மேல் மாடி முழுவதும் ஒட்டுப்பலகை. அதன் மேல் பதுளையிலிருந்து எல்ல வரைக்கும் தண்டவாளம். தெமோதரை வளைவு இருக்கிறது, வெள்ளை ரெஜிபோம் அட்டையில் அறுத்த ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது, தேயிலைக்குப் பச்சை ஸ்பொஞ்சு. கொழுந்து பறிக்கிற பொம்பளைகளைக்கூட நெல்மணி அளவில் செய்து நட்டிருந்தார். கடையை மூடியதும் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார்.

வீடு அவருடையது இல்லை, அக்கா றுஸைனாவுடையது. கலியாணத்தில் அவருக்கு எழுதிக் கொடுத்த வீடு. அக்காவின் புருஷன் பவாஸ் மரக்கறி லொறி ஓட்டினார். மச்சினன் தனியாக இருக்கிறாரே என்று மேல் மாடியை விட்டுக் கொடுத்ததே அவர்தான். அந்தப் பவாஸ் போன தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தார், எழும்பவில்லை.

றுஸைனாக்கா இத்தா இருந்தார். புருஷன் இறந்தால் நாலு மாதத்துக்கு மேல் அவர்கள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. பிற ஆம்பிளைகள் கண்ணில் படாமல், வெள்ளை உடுத்து, அறையோடு இருப்பார்கள். வாசலில் திரை தொங்கும். பெண்கள் போய்ப் பார்க்கலாம், நான் தினமும் போவேன். அந்த அறைக்கு நேர் மேலேதான் ரயில்.

பலகைத் தளம். இரும்புச் சில்லு தண்டவாளத்தில் உருளும்போது மேலே கேட்பதைவிடக் கீழே அதிகமாகக் கேட்கும். அக்கா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு கட்டிலில் இருப்பார், தலைக்கு மேல் கடகட கடகட என்று எல்லாத் திசையிலும் ஓடும். ஒரு நாள் கேட்டே விட்டார், "தம்பி, கொஞ்ச நாளைக்கு வேணாமே" என்று. மனுசன் என்றால் அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும். இவரோ சத்தத்தைக் குறைக்கும் ஆராய்ச்சியில் இறங்கினார்.

முதலில் பலகையின் கால்களுக்குப் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தார். தண்டவாளத்துக்குக் கீழே கார்க் ஒட்டினார். ஆணிதான் சத்தத்தைப் பலகைக்குள் இறக்குகிறது என்று யாரோ யூடியூபில் சொன்னானாம், எல்லா ஆணியையும் பிடுங்கிவிட்டு சிலிக்கன் பசையால் ஒட்டினார். இதெல்லாம் அவர் பாடு. ஆனால் ஒவ்வொன்றையும் செய்துவிட்டு மேலிருந்து அக்காவைக் கூப்பிடுவார்.

"ராத்தா! இப்ப கேக்குதா?"

"கேக்குது தம்பி."

"முந்தியவிடக் கொறவா? கூடவா?"

புருஷனுக்காக ஓதிக்கொண்டிருக்கிற பொம்பளையைச் சத்தம் அளக்கிற கருவியாக்கி வைத்திருந்தார். வெட்கம் கெட்ட வேலை. நான் படியேறிப் போய்க் கேட்டேன்.

"நிப்பாட்டிட்டா என்ன பாறூக்?"

"நிப்பாட்டுறது லேசு லட்சுமி. சத்தமில்லாம ஓட்டுறதுதான் கஷ்டம். ராத்தாக்காகத்தானே இவ்வளவு பாடுபடுறேன்" என்றார். முகத்தில் தியாகிக் களை வேறு!

இந்த நாட்களில்தான் அக்கா பவாஸின் உடுப்புகளை எடுத்துக் கட்டினார். இறந்தவரின் உடுப்பை இல்லாதவருக்குக் கொடுத்தால் அந்த நன்மை அவருக்குப் போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. சாரமும் சட்டையும் பள்ளிவாசலுக்குப் போயின. கம்பளிக் கோட்டை மட்டும் மடியில் வைத்திருந்தார். விடியற்காலையில் மரக்கறி ஏற்றப் போகும்போது பவாஸ் போடுகிற சாம்பல் நிறக் கோட்டு அது.

"இது தம்பையாவுக்கு" என்று பாறூக்கிடம் நீட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "லொறிக்குப் பின்னால நிண்டே குளிர்ல வார மனுசன். குடுக்கணும் எண்டு இவரே செல்லிட்டு ஈந்தார். நான் வெளியே போகேலா. ஒண்ட கையால குடு தம்பி. மறந்திடாத."

"இண்டைக்கே குடுக்கிறேன் ராத்தா."

தம்பையா ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்து மனுசர். பவாஸின் லொறியில் மூட்டை ஏற்றி இறக்கியே முதுகு வளைந்தவர். லொறி இப்போது பாறூக்கின் பொறுப்பில் இருந்ததால் தம்பையாவின் வேலையும் அவர் கையில் இருந்தது.

அடுத்த நாளே வீட்டில் சத்தம் அடங்கிவிட்டது. "ராத்தா, இப்ப?" என்று கேட்டதற்கு, "ஒண்டும் கேக்கல்ல தம்பி, அல்லாஹ் ஒனக்கு ரஹ்மத் செய்யணும்" என்று துஆவும் செய்தார் அக்கா. கோட்டுக் கொடுத்ததற்கும் சேர்த்து ஒரு துஆ. பாறூக் இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. தம்பையா லீக்ஸ் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். மெல்லிய சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, பல் தந்தியடித்தது. நான் நடையில் லீக்ஸை வாங்கி வைத்தேன். பாறூக் படியடியில் நின்றார். குரல் கேட்டதும் திரைக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்டார்.

"தம்பையாவா? கோட்டு சரியா ஈக்குதா?"

தம்பையா விழித்தார். "எந்தக் கோட்டு" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். பாறூக் கண்ணைக் காட்டினார். விரலை உதட்டில் வைத்து, தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஆமாம் என்று சொல்லு என்கிறார்!

தம்பையா என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சரியா இருக்குங்கம்மா. சூடா இருக்குங்க" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அக்கா உள்ளேயிருந்து. அந்தக் குரலில் அவ்வளவு நிம்மதி. ஒரு நல்ல மனுசரைப் பொய் சொல்ல வைத்து, அந்தப் பொய்யை ஒரு விதவைக்கு ஊட்டிவிட்டு, பாறூக் ஒன்றும் நடக்காததுபோல் மேலே ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"பாருங்க லட்சுமி, பூனை நடக்கிற மாதிரி" என்று சுவிச்சைப் போட்டார். ரயில் உண்மையிலேயே சத்தமில்லாமல் போனது. நான் ரயிலைப் பார்க்கவில்லை, குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தேன். சாம்பல் நிறக் கம்பளி. கத்தரிக்கோலால் நாடா நாடாக வெட்டி, வளைவுக்கு ஏற்ற மாதிரி வளைத்து, பசை பூசி ஒட்டியிருந்தார். ஒரு காலுக்கடியில் காலர். இன்னொன்றில் பொத்தானோடு சட்டைப்பை.

"கம்பளி மாதிரி சத்தம் குடிக்கிற சாமான் வேற இல்ல" என்றார். "தம்பையாவுக்கு வேற ஒண்டு வாங்கிக் குடுக்கத்தான் நெனச்சேன். பழைய கோட்டுத்தானே? கடைசியில ராத்தாவுக்குத்தானே பயன்பட்டிச்சு?"

சீ என்று காறித் துப்பலாம் போல இருந்தது. துப்பவில்லை. சட்டைப்பைத் துண்டைப் பிடித்து இழுத்தேன். பலகை சரிந்தது, ரயில் ஒன்பது வளைவுப் பாலத்தோடு கவிழ்ந்தது. "ஐயோ, ஐயோ" என்று அவர் அதைப் பிடிக்கப் பாய்ந்தார். நான் கீழே இறங்கி, திரையை விலக்கி, துண்டை அக்காவின் கையில் வைத்தேன்.

"இது மேல பலகைக்கு அடியில இருந்துச்சுக்கா. தம்பையா நனைஞ்சு போய் நிக்கிறாரு."

அக்கா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தானைத் தடவினார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். இத்தா முடியாத பொம்பளை, திரையைத் தாண்டி நடைக்கு வந்தார். தம்பையா பதறிப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

படியடியில் பாறூக்கின் வெளிநாட்டுக் கோட்டு தொங்கியது. பெருநாளுக்கு மட்டும் போடுகிற கோட்டு. அக்கா அதை எடுத்தார். மேலே நின்ற பாறூக், "ராத்தா, அது என்ட..." என்றார். அக்கா அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார்.

"திரும்புங்க தம்பையா. போடுங்க."

அவர் திரும்பினார். கையை உள்ளே விட்டார். தோள் தொங்கியது, கை விரல்கள் உள்ளே மறைந்தன.

"இப்ப நான் பாத்துட்டே கேக்கிறேன். சரியா ஈக்குதா?"

தம்பையா ஒருமுறை மாடியைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் பெருசுங்கம்மா" என்றார்.